சுறா எண்ணெயா, கரும்பு எண்ணெயா? ஆலங்குளம் அக்காவுக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 48. ஆலங்குளம் பக்கம் கிராமம். முப்பது வருஷமா பீடி சுத்துறேன். விரல் நுனியெல்லாம் வறண்டு கீறிக் கெடக்கு, ரேஷன் கடையில கைரேகையே விழ மாட்டேங்கு. குதிகால் வெடிப்பு வேற. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்து வாரேன்னு வேண்டியிருக்கேன், இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மெட்ராஸ்ல வேலை பாக்குற மக ‘ஸ்குவாலேன்’னு ஒரு சின்ன பாட்டில் அனுப்பியிருக்கா, 30 மில்லி, 750 ரூவா. அது சுறா ஈரல்ல எடுக்கிறதுன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளை செல்லுல பாத்துச் சொல்லுதா. மாலை போட்டுட்டு அதத் தொடலாமா? அதுலருந்துதான் கொலஸ்ட்ரால் உண்டாகுன்னும் சொல்லுதா, நான் ஏற்கெனவே கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுதேன். நம்ம தேங்காயெண்ணெய் போதாதா? மாமியாருக்கு 74 வயசு, ராத்திரியானா முழங்காலுக்குக் கீழ சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்க. அவங்களுக்கும் இதப் போடலாமா?

பதில்:

அக்கா, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் மனசில் நின்றது அந்த எண்ணெய் பாட்டில் இல்லை, உங்கள் விரல் நுனிதான். என் அம்மாவும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பீடி சுற்றியவர்தான், அந்தக் கூலியில்தான் நான் டாக்டருக்குப் படித்தேன். அவர் கன்னத்தைத் தடவிக் கொடுத்தால் உப்புத்தாள் உரசுகிற மாதிரி இருக்கும். அதனால் இந்தக் கேள்விக்கு அவசரமாக இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மாலை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதுதானே உங்களை உறுத்துகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது பொய் இல்லை. 1906-ல் ஜப்பானில் மித்சுமாரு சுஜிமோட்டோ என்ற வேதியியலாளர் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது சுறா ஈரல் எண்ணெயிலிருந்துதான், சுறாவின் லத்தீன் பெயரை வைத்துத்தான் பத்து வருஷம் கழித்து இதற்கு ஸ்குவாலீன் என்று பெயரும் வைத்தார். ஆழ்கடல் சுறாவுக்கு மற்ற மீன்கள் மாதிரி வயிற்றுக்குள் காற்றுப்பை கிடையாது. தண்ணீரைவிட லேசான இந்த எண்ணெயைப் பெரிய ஈரல் நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அது மூழ்கிப் போகாமல் நீந்துகிறது. உவரி, கூத்தங்குழிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சுறா ஈரலை உருக்கினால் எவ்வளவு எண்ணெய் இறங்கும் என்று சொல்வார்கள். ஆனால் இன்றைக்கு முகத்துக்குப் போட என்று விற்கிற பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது ஆலிவ் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சுகிறதிலிருந்து எடுத்தது, இல்லையென்றால் கரும்பிலிருந்து செய்தது. கரும்பிலிருந்து எப்படி எண்ணெய் வரும் என்று நினைப்பீர்கள். பிரேசிலில் கரும்புச் சாற்றை ஒருவகை ஈஸ்டுக்குத் தீனியாகக் கொடுத்துப் புளிக்க வைக்கிறார்கள். சாதாரண ஈஸ்ட் சாராயம் தரும், இது பதினைந்து கரி (கார்பன்) அணுக்கள் கொண்ட ஓர் எண்ணெயைத் தருகிறது. அதில் இரண்டு இரண்டாகச் சேர்த்து ஒட்டினால் முப்பது கரி அணு, அதோடு ஹைட்ரஜனும் சேர்த்தால் அதுதான் ஸ்குவாலேன். உங்கள் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், கரும்பு அல்லது ஆலிவ் என்றோ, தாவரத்திலிருந்து எடுத்தது என்றோ அச்சடித்திருந்தால் மாலை போட்டிருக்கும்போதும் தாராளமாகத் தொடலாம். ஒன்றுமே போடவில்லை என்றால் மாலை கழற்றுகிற வரைக்கும் எடுத்து வைத்துவிடுங்கள், மனசில் சந்தேகத்தோடு எதையும் பூசிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சங்கதி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்த ஸ்குவாலீன் சுறாவில் மட்டும் இல்லை, உங்கள் நெற்றியிலும் மூக்கிலும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் மூக்கோரத்தில் விரலை வைத்தால் ஒரு பிசுபிசுப்பு தட்டுகிறது இல்லையா, அந்த எண்ணெயில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு ஸ்குவாலீன்தான். தோலுக்கு உள்ளே முடிக்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பி அதைத் தயாரித்து மேலே அனுப்புகிறது. உடம்பின் மற்ற இடங்களில் ஸ்குவாலீன் உண்டானால் அங்கேயே நிற்காது, அடுத்தடுத்து மாறிக் கொலஸ்ட்ராலாகப் போய்விடும். அந்தப் பாதையைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு கொன்ராட் பிளாக் என்பவருக்கு, 1964-ல் நோபல் பரிசும் அதற்காகத்தான் வாங்கினார். தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் மட்டும் வேலை பாதியிலேயே நின்றுவிடுகிறது, ஸ்குவாலீன் ஸ்குவாலீனாகவே வெளியே வருகிறது. பிள்ளை செல்லில் பார்த்தது இந்தப் பாதையைப் பற்றித்தான். ஆனால் அது உடம்புக்குள் நடக்கிற காரியம். நீங்கள் மேலே பூசுகிற ஸ்குவாலேன் அந்தப் பாதைக்குள் போகவே முடியாது, தோலின் மேலடுக்கிலேயே நின்றுவிடும். மாத்திரையை மாத்திரையாகச் சாப்பிடுங்கள், எண்ணெயை எண்ணெயாகப் பூசுங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனால் இதே பேரில் சுறா எண்ணெய் கேப்சூல் என்று விற்கிறதை யாராவது சத்துக்கு நல்லது என்று தந்தால் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ஸ்குவாலீன், ஸ்குவாலேன் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறேனே, தப்பாக எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள், இரண்டும் வேறு. தோலில் இயற்கையாக வருவது ஸ்குவாலீன், அதற்கு ஆறு பலவீனமான இடங்கள் உண்டு, வெயிலும் காற்றும் பட்டால் அந்த இடங்களில் கெட்டுப்போகும். முறுக்குச் சுட்ட எண்ணெயை மூடாமல் வைத்தால் நாலு நாளில் சிக்கு வாடை அடிக்குமே, அதே மாதிரி. கெட்ட ஸ்குவாலீன் முகத்தில் துவாரத்தை அடைத்துப் பருவையும் கிளப்பும். அதனால் பாட்டிலில் அடைக்கிறவர்கள் ஹைட்ரஜன் சேர்த்து அந்த ஆறு இடங்களையும் நிரப்பிவிடுகிறார்கள், அப்படி நிரப்பினதுதான் ஸ்குவாலேன். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, வருஷக் கணக்கில் சிக்கு வாடை வராது. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்துபோய் பாட்டிலை வெயிலில் வைக்கிறோம் அல்லவா, இது ஐஸ் பெட்டிக்குள் வைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், எண்ணெய் தடவின மாதிரியே தெரியாது, துணியில் அவ்வளவாக ஒட்டாது, தூசியும் ரொம்பப் பிடிக்காது. நம் தோலின் சொந்த எண்ணெய்க்கு நெருங்கின சொந்தம் என்பதால் ஒவ்வாமை வருவதும் ரொம்ப அபூர்வம். நல்ல பொருள்தான் அக்கா, உங்கள் மகள் ஏமாறவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது கைக்கும் குதிகாலுக்கும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உடம்பில் எல்லா இடத்திலும் எண்ணெய்ச் சுரப்பி இருந்தாலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே வியர்வைச் சுரப்பி மட்டும்தான். கண்ணாடியில் பதிகிற கைரேகையைப் போலீஸ் ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் அதிலும் ஸ்குவாலீன் கிடைக்கும், ஆனால் அது விரலில் ஊறினது இல்லை, நாம் முகத்தையும் தலைமுடியையும் தொட்டுத் தொட்டு விரலில் ஏற்றிக்கொண்டது. உங்கள் விரலுக்கு அந்தக் கடன் எண்ணெய்கூட நிலைக்காது. நாள் முழுக்க ஈர இலையைத் தொட்டு, காய்ந்த தூளைத் தொட்டு, மறுபடி ஈர இலையைத் தொட்டு, கத்தரியும் நூலும் உரசி, சாயங்காலம் தூள் வாடை போகவேண்டும் என்று துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தால் மேல்தோல் எப்படித் தாங்கும். போதாததற்கு போர்வெல் உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்காத சோப்பு வெள்ளையாகத் தோலிலேயே படிந்து இன்னும் வறட்டும். அதோடு ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் காற்றாலை றெக்கை நிற்காமல் சுற்றுகிற காற்று. குற்றாலத்தில் சாரல் விழுகிறது, அங்கிருந்து இத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உங்கள் ஊருக்கு வெறுங்காற்றுதான் வருகிறது, அது தோலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது.

பீடி இலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலையை அப்படியே சுற்றினால் என்ன ஆகும்? மடக் என்று ஒடியும். அதை வளைய வைக்க நீங்கள் எண்ணெயா தடவுகிறீர்கள்? தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறீர்கள். நனைப்பது இலையை வளைய வைக்கிறது, சாக்கு அந்த ஈரத்தைப் போகவிடாமல் வைத்திருக்கிறது. குதிகால் தோலும் அச்சு அசல் அப்படித்தான். 1952-ல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்ற ஆராய்ச்சியாளர் காய்த்துப்போன தோல் துண்டுகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். எண்ணெயில் ஊறப் போட்டாலும் காய்ந்த தோல் மெத்தென்று ஆகவில்லை, தண்ணீர் ஏறினபிறகுதான் வளைந்தது. காய்ந்த குதிகாலில் 750 ரூபாய் எண்ணெயை ஊற்றினாலும் காய்ந்த இலையில் எண்ணெய் தடவின கதைதான். முதலில் தண்ணீர், அப்புறம் மூடி. மூடியாக ஸ்குவாலேன் கொஞ்சம் வேலை செய்யும், ஆனால் அது லேசான எண்ணெய், மெல்லிய துணி போர்த்தின மாதிரி. குதிகாலுக்குச் சாக்கு வேண்டும். அந்த வேலைக்கு மெடிக்கல் கடையில் கிடைக்கிற சாதா வாசலினை மிஞ்ச இன்றுவரைக்கும் எதுவும் வரவில்லை, விலையும் கம்மி.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். ராத்திரி வேலை முடிந்ததும் ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் காலை ஒரு பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறப் போடுங்கள், சோப்பு, சோடா உப்பு எதுவும் வேண்டாம். ஊறினபிறகு துணி துவைக்கிற கல்லில் போட்டு வறட்டு வறட்டென்று தேய்க்காதீர்கள், அப்படித் தேய்த்தால் தோல் மறுபடி இன்னும் தடிமனாகத்தான் வளரும், ஒரு நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்தால் போதும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகப் போவதற்கு முன்னால் யூரியா கலந்த கிரீம் பூசுங்கள், நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு யூரியா என்று டியூபில் போட்டிருக்கும், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், தடித்த தோலையும் இளக்கும். அதுக்கு மேலே வாசலின், அதுக்கு மேலே பழைய பருத்திக் காலுறை, அப்படியே படுத்துவிடுங்கள். இரத்தம் கசிகிற வெடிப்பில் யூரியா எரியும், அந்த இடத்துக்கு வாசலின் மட்டும். உள்ளங்கால் தோல் தடிமன் என்பதால் புதுசாக வளர்ந்து மேலே வர ஒன்றரை மாதமாவது ஆகும், உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, இன்றைக்கே ஆரம்பித்தால் தைப்பூசத்துக்குச் சரியாக இருக்கும். நடுவில் ஒரு நாள் சுகரைச் சோதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் 48 வயதில் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர் பார்த்திருக்க வேண்டும். சுகர் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலில் நடக்கவே கூடாது, முருகன் செருப்போடு நடந்தவர்களையும் ஏற்றுக்கொள்வார்.

கைக்கு வேறு கணக்கு. பீடி சுற்றும்போது எதையும் பூசாதீர்கள், இலை வழுக்கும், எண்ணெய்க் கையில் தூள் ஒட்டிக்கொண்டே இருக்கும். புகையிலையின் நிக்கோட்டின் ஈரத்தோல் வழியாகவும் கீறல் வழியாகவும் உள்ளே போகும், அதனால் வேலை முடிந்ததும் கை கழுவுவதை மட்டும் விடாதீர்கள். துணி சோப்பு வேண்டாம், குளிக்கிற சோப்பில் கொஞ்சம், முடிந்தால் கடைசியாக ஆற்றுக்குழாய் நல்ல தண்ணீரில் ஒரு அலசு. படுக்கும்போது ஈரக் கையில் வாசலின் பூசி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். முதல் ராத்திரி கூச்சமாக இருக்கும், நாலு நாளில் பழகிவிடும், ஒரு வாரத்தில் கீறல் ஒட்ட ஆரம்பிப்பதைப் பார்ப்பீர்கள். அரிப்பு, தண்ணீர்க் கொப்புளம், சிவப்பு இருந்தால் அது வெறும் வறட்சி இல்லை, ஒவ்வாமையாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து, நேரில் காட்டத்தான் வேண்டும்.

ரேஷன் கடைக்கு ஒரு சின்ன யோசனை. போகிற அன்றைக்குக் காலையில் கையைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெயை விரல் நுனிகளில் தேய்த்துத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டுப் போங்கள். காய்ந்த விரலைவிடச் சற்று ஈரப்பதமான விரலில் ரேகை நன்றாக விழும். இங்கே உங்கள் மகள் அனுப்பின ஸ்குவாலேன் உண்மையிலேயே உதவும், ரேகை வைக்கிற கருவியின் கண்ணாடியில் அவ்வளவாகப் பிசுக்கு விடாது. அப்படியும் விழவில்லை என்றால் கருவிழி பார்க்கிற கருவி வந்திருக்கிற கடைகளில் அதைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முப்பது வருஷம் உழைத்துத் தேய்ந்த விரல் அது, அதற்காக யாரும் அரிசியை நிறுத்தக் கூடாது.

மாமியாருக்கு வருவோம். முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பி இயல்பாகவே கம்மி, வயது ஏற ஏற அதுவும் வற்றும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபிறகு இன்னும் வேகமாக வற்றும். 74 வயதில் ராத்திரி அரிப்புக்குப் பெரும்பாலும் இந்த வறட்சிதான் காரணம். அவர் குளிக்கிற தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கிறதா என்று பாருங்கள், பெரியவர்களுக்குச் சுடுதண்ணீர் பிடிக்கும், ஆனால் இருக்கிற எண்ணெயையும் அது கழுவிவிடும். சோப்பை அக்குளுக்கும் இடுப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காலுக்கு வெறும் தண்ணீர் போதும். குளித்து ஈரம் காய்வதற்குள் எண்ணெய் பூசிவிட வேண்டும். அவருக்கு ஸ்குவாலேன் நன்றாக ஒத்துக்கொள்ளும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு காலுக்கும் ஒரு நாளைக்கு மூன்று மில்லி என்றால் பத்தே நாளில் பாட்டில் காலி, மாதத்துக்கு 2,250 ரூபாய். அவ்வளவு தேவையே இல்லை. காலுக்கு நம் தேங்காயெண்ணெய் தாராளமாகப் போதும், செக்கில் ஆட்டினது இருந்தால் நல்லது. ஒரு மாதம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்கவில்லை, உடம்பெல்லாம் பரவுகிறது என்றால் சுகர், சிறுநீரகம், தைராய்டு, இரத்த அளவு எல்லாம் பார்க்க வேண்டும், வயசாச்சு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லியே வைத்தியம் பார்க்காமல் விட்ட பாட்டிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தேங்காயெண்ணெயா ஸ்குவாலேனா என்று கேட்டால், உடம்புக்கும் காலுக்கும் தேங்காயெண்ணெய், முகத்துக்கு ஸ்குவாலேன் என்று நான் பிரிப்பேன். தேங்காயெண்ணெய் முகத்தில் சிலருக்குத் துவாரத்தை அடைத்துச் சின்னச் சின்ன முத்துமுத்தாகக் கிளப்பிவிடும், ஸ்குவாலேன் அப்படிச் செய்வது அரிது. உங்கள் வயதில் முகத்தின் சொந்த எண்ணெயும் குறைய ஆரம்பிக்கிற நேரம். குளித்துவிட்டு முகம் ஈரமாக இருக்கும்போதே இரண்டு சொட்டு, கன்னத்திலும் நெற்றியிலும் உதட்டோரத்திலும் ஒத்திக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் புறங்கையில் தேய்த்துவிடுங்கள், புறங்கையில் சுரப்பி உண்டு, அங்கே இது நன்றாகப் பிடிக்கும். முதல் தடவை முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். இப்படிப் போட்டால் அந்த 30 மில்லி பல மாதம் வரும். வெயிலை இது தடுக்காது, அதை மட்டும் நம்பி நடந்துவிடாதீர்கள், நடைப்பயணத்தில் மதியம் பதினொன்றுக்கு மேல் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டு வெயில் சாய்ந்தபிறகு கிளம்புங்கள்.

நடக்கிற நாட்களில் பகலில் பாதத்தில் எதுவும் பூச வேண்டாம், தார் ரோட்டில் மண்ணும் சரளையும் ஒட்டும். ராத்திரி தங்குகிற மண்டபத்தில் காலைக் கழுவி, வெடிப்பில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, வாசலின் பூசிப் படுங்கள். வெடிப்பு ஆழமாகி வலித்தால் பிளாஸ்டரை வெடிப்புக்குக் குறுக்காக இழுத்து ஒட்டுங்கள், இரண்டு விளிம்பும் சேர்ந்து நிற்கும்.

மகளிடம் பேசும்போது எண்ணெய் ரொம்ப நல்லாருக்கு என்று சொல்லுங்கள், அது உண்மைதான். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது இரண்டு ஜோடி பருத்திக் கையுறை வாங்கி வரச் சொல்லுங்கள்.